அடுக்குமாடிக் கூரையிலிருந்து விண்மீன் கரும்புள்ளிகளை அளப்பது எப்படி: பினாங்கு வானத்துக்கான முழு வழிகாட்டி

கார்த்திகைக் கூட்டத்திலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 24 பாகை இறங்கினால் 10 டௌரி என்ற விண்மீன் இருக்கும். அதற்கு மிக அருகில், முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில், வெறும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத இன்னொரு விண்மீன் உண்டு. அதன் பெயர் வி 711 டௌரி. எச்.ஆர். 1099 என்றும் சொல்வார்கள். 2.84 நாளுக்கு ஒருமுறை அது கொஞ்சம் மங்கி மீண்டும் தெளிகிறது. அதன் மேல் இருக்கும் பெரிய கரும்புள்ளிகள் சுழற்சியோடு நம் பக்கம் திரும்புவதும் மறைவதுமே காரணம். ஜெலுத்தோங்கிலோ செந்தூலிலோ உள்ள அடுக்குமாடியின் கூரையில் நின்று, சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவால் இந்த மாற்றத்தை அளக்க முடியும். அளக்கும் முறையும், அளந்த எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதும் கீழே உள்ளன.

முதலில், என்ன நடக்கிறது

சூரியனும் அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களும் மேலடுக்கில் கொதிக்கும் கஞ்சியைப் போலப் புரள்கின்றன. சூடான வளிமம் மேலே வரும், ஆறியது கீழே போகும். இந்தப் புரளலும் சுழற்சியும் சேர்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. புலம் ஓரிடத்தில் வலுத்துவிட்டால் அங்கே புரளல் தடைபடும், கீழிருந்து வெப்பம் வருவது குறையும், அந்த இடம் ஆறிக் கறுக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,770 கெல்வின். கரும்புள்ளியின் நடுப்பகுதி 4,000 வாக்கில் இருக்கும். அதுவும் கறுப்பல்ல. சுற்றியிருப்பதன் பக்கத்தில் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சூரியனில் புள்ளிகள் மிகுந்த காலத்திலும் அவை மூடும் பரப்பு ஒரு சதவீதத்தைத் தொடாது. வேகமாகச் சுழலும் குளிர்ந்த விண்மீன்களில் கதை வேறு. முகத்தில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் புள்ளிகள் மூடியிருக்கலாம். எக்ஸ்.எக்ஸ். ட்ரையாங்குலி என்ற ராட்சத விண்மீனில் சூரியனைப் போல 12 மடங்கு ஆரம் ஒரு பக்கமும் 20 மடங்கு ஆரம் மறுபக்கமும் நீண்ட புள்ளி இருந்ததை 1999 இல் கிளாவுஸ் ஸ்ட்ராஸ்மையர் வெளியிட்டார். புள்ளிக்குள் சூரியனையே போட்டு மூடிவிடலாம்.

இந்த விண்மீன்கள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றுவதால் ஈர்ப்பின் இழுவை சுழற்சியைச் சுற்றுக்காலத்தோடு பூட்டிவிடுகிறது. வயதாகியும் வேகம் குறையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். வி 711 டௌரி அந்த வகை. இளமையால் வேகமாகச் சுழலும் தனி விண்மீன்களும் உண்டு.

எந்த விண்மீன், எந்த மாதம்

பினாங்கு வடக்கு 5.4 பாகையிலும் கோலாலம்பூர் 3.1 பாகையிலும் இருப்பதால், வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன்கள் நமக்குத் தலைக்கு மேலே வரும். இந்த வேலையில் அது பெரிய வரம். ஐரோப்பாக்காரர்கள் பாதி வானத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும் வி 711 டௌரி நமக்கு 85 பாகை உயரத்தில் நிற்கும். ஜனவரி நடுவில் இரவு 9.20 வாக்கில் உச்சிக்கு வந்துவிடும். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வானம் ஓரளவு காயும். இரண்டும் ஒத்துப்போவதால் தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல விண்மீன் இல்லை. இதிலேயே தொடங்குங்கள்.

கைபழகிய பின் மற்றவற்றுக்குப் போகலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எல்.கியூ. ஹைட்ரே (பொலிவெண், அதாவது குறையக் குறைய ஒளி கூடுவதைக் காட்டும் எண், சுமார் 7.8; சுழற்சிக் காலம் 1.60 நாள்). ஆகஸ்ட் நள்ளிரவுகளில் தெற்கே ஏ.யூ. மைக்ரோஸ்கோபி (சுமார் 8.7, 4.86 நாள்). இது சிவந்த குள்ள விண்மீன், 53 பாகை வரை ஏறும், ஆனால் அந்த மாதங்களில்தான் புகைமூட்டமும் வரும். டிசம்பர் தொடக்கத்தில் இருட்டியதும் ஐ.ஐ. பெகாசி (7.2 முதல் 7.8, 6.72 நாள்). உத்திரட்டாதியின் வடக்கு விண்மீனுக்கு 3 பாகை மேற்கே தேடுங்கள். சில ஆண்டுகளில் இதன் ஏற்ற இறக்கம் அரை பொலிவெண்ணையும் தாண்டியிருக்கிறது. புத்தகங்களில் புகழ்பெற்ற ஏ.பி. டொராடஸ் இங்கிருந்து 19 பாகைக்கு மேல் எழாது. அதை விட்டுவிடலாம்.

நிலவைப் பற்றி ஒரு கணக்கு. தைப்பூச நிலவு பூசத்தில், அதாவது கடகத்தில் நிற்கும். வி 711 டௌரியிலிருந்து 70 பாகைக்கும் மேல் தள்ளி இருப்பதால் கவலையில்லை. எல்.கியூ. ஹைட்ரேவுக்குத்தான் அது தொல்லை. கார்த்திகை தீபத்து நிலவோ நம் விண்மீனுக்கு 24 பாகைதான் தள்ளி இருக்கும். அந்த இரண்டு மூன்று இரவுகளைத் தவிர்த்துவிடுங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டித்தான் வரும், ஆனால் மழை விடாது.

படி 1: கருவிகள்

மூலப் படத்தை ரா வடிவில் சேமிக்கும் எந்த டிஎஸ்எல்ஆரும் போதும், பத்து வருடப் பழசானாலும் சரி. லென்ஸ் 135 மி.மீ., எஃப் 2.8 இருந்தால் நல்லது. 50 மி.மீ. லென்ஸும் வி 711 டௌரிக்குப் போதும். முக்காலி, தொலைக் கட்டுப்பாட்டுப் பொத்தான், வானத்தின் சுழற்சியைத் தொடரும் சிறு டிராக்கர் ஒன்று. 50 மி.மீ. லென்ஸானால் டிராக்கர் வேண்டாம். 4 மைக்ரான் பிக்சல் கேமராவில் 5 விநாடிக்கு விண்மீன் நாலைந்து பிக்சல்தான் நகரும். 135 மி.மீ. லென்ஸில் 10 விநாடிக்கு 25 பிக்சல் இழுத்துவிடும். அங்கே டிராக்கர் கட்டாயம்.

டிராக்கரை வடதுருவத்துக்கு நேராக்குவதில் நமக்கு ஒரு சிக்கல். துருவ விண்மீன் பினாங்கில் 5 பாகை உயரத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். ஆக அதைத் தேடாதீர்கள். கைப்பேசித் திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாய்வுமானிச் செயலியால் அச்சை 5 பாகைக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். 3 பாகை பிழைத்தாலும் 10 விநாடியில் விலகல் ஒன்றரைப் பிக்சலுக்குள் நிற்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பல நூறு பிக்சல் நகர்ந்துவிடும் என்பதால் கால் மணிக்கு ஒருமுறை விண்மீனை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சில தாங்கிகள் 10 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும். அப்போது முக்காலியின் ஒரு காலை நீட்டிச் சாய்வைச் சரிசெய்ய வேண்டியதுதான்.

கேமராவைக் குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வராதீர்கள். லென்ஸ் நொடியில் வியர்த்துவிடும். மூடிய பையிலேயே 40 நிமிடம் வெளியே வைத்து, பிறகு திறக்கவும். நள்ளிரவுக்குப் பின் பனி இறங்கும். யூஎஸ்பியில் ஓடும் சூடேற்றிப் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் தப்பிக்கலாம். மெல்லிய பனி படிந்த லென்ஸ் விண்மீனை மங்கலாக்குவதைப் படத்தில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தரவைக் கெடுப்பதில் மேகத்துக்கு அடுத்த திருடன் அதுதான்.

படி 2: படம் எடுப்பது

லென்ஸைக் கூர்மையாகக் குவிக்கக் கூடாது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கேமராச் சில்லில் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி அமைந்திருக்கின்றன. கூர்மையான விண்மீன் ஒன்றிரண்டு பிக்சலில் விழுந்தால், அது பச்சையில் விழுந்ததா சிவப்பில் விழுந்ததா என்பதைப் பொறுத்து அளவு தாவும். எனவே விண்மீன் 10 முதல் 12 பிக்சல் அகலத் தட்டாகும் வரை குவியத்தைக் கலையுங்கள். பிறகு குவிய வளையத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

ஐஎஸ்ஓ 100 முதல் 400. லென்ஸ் துளையை முழுத் திறப்பிலிருந்து ஒரு படி மூடுங்கள். கேமராவின் இரைச்சல் நீக்கும் வசதிகள் அனைத்தும் அணைந்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு நாம் பயன்படுத்தப்போகும் 10 டௌரியை வைத்துத் திறப்பு நேரத்தை முடிவு செய்யுங்கள். அது நம் விண்மீனைவிட நான்கு மடங்கு ஒளிர்வதால் முதலில் நிரம்பி வழிவது அதுதான். 14 பிட் கேமராவில் உச்ச மதிப்பு 16,383. 10 டௌரியின் மிகப் பிரகாசமான பிக்சல் 11,000 ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் திறப்பு நேரத்தைக் குறைக்காமல் முதலில் குவியத்தை இன்னும் கலைத்துப் பாருங்கள். நேரம் குறையக் குறைய விண்மீனின் மினுக்கல் அளவில் கூடும். 5 செ.மீ. அகல லென்ஸில், உச்சி வானத்தில், 10 விநாடிப் படம் ஒன்றில் மினுக்கலால் மட்டும் சுமார் 0.007 பொலிவெண் ஆட்டம் இருக்கும். 40 படங்களைச் சராசரி எடுத்தால் அது 0.001 ஆகிவிடும்.

ஆக, ஓர் இரவுக்கு 40 படம், பத்து நிமிட வேலை. இரவு முழுக்க எடுக்க வேண்டுமா? வேண்டாம். ஏற்ற இறக்கம் 0.15 என்று வைத்தாலும் வி 711 டௌரி மணிக்கு 0.007 க்கு மேல் மாறாது. ஒரே இரவில் ஆயிரம் படம் எடுப்பதைவிட இருபது இரவுகளில் நாற்பது நாற்பதாக எடுப்பதே பயன் தரும். மாலை இடிமழைக்குப் பின் கோலாலம்பூரில் வானம் ஒரு மணி நேரம் திறந்தால் அதுவே போதும்.

அன்றே, அதே ஐஎஸ்ஓவில், லென்ஸ் மூடியைப் போட்டு அதே திறப்பு நேரத்துக்கு, கேமராவின் சொந்தச் சமிக்ஞையைக் கழிக்க உதவும் இருட்டுப் படம் 20 எடுங்கள். லென்ஸின் ஓர மங்கலையும் தூசி நிழலையும் திருத்த, சீரான வெளிச்சத்தை எடுத்த சமதளப் படம் 20 தேவை. அந்தி வானத்தை நம்பாதீர்கள், பினாங்கில் அது ஒரு சீராக இருப்பது அபூர்வம். லென்ஸின் முன் இரண்டு மடிப்பு வெள்ளைப் பனியன் துணியைக் கட்டி, எல்இடி விளக்குப் பலகையைக் காட்டி எடுங்கள். துளை, குவியம் இரண்டையும் தொடக் கூடாது. எல்இடி துடிப்பதால் திறப்பு நேரம் அரை விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இந்தப் படியைச் சோம்பலில் தவிர்ப்பவர்களின் அளவுகள் 0.03 வரை அலைந்து, பிறகு அதையே கரும்புள்ளி என்று நினைக்க வைக்கும்.

கேமராக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒவ்வொரு வாரமும் ஒத்திடவும்.

படி 3: எண்ணாக்குவது

சிரில், ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இரண்டும் இலவச மென்பொருள்கள். இருட்டுப் படத்தைக் கழித்து, சமதளப் படத்தால் வகுத்த பின், பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுங்கள். டிஎஸ்எல்ஆரின் பச்சை, வானியலாளர்கள் பொலிவெண் அளக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் வி வடிகட்டிக்கு அருகில் இருக்கும். நிறங்களைக் கலந்து அழகுப்படுத்தும் வழக்கமான வண்ணமாக்கலைச் செய்துவிடாதீர்கள். பச்சையைப் பிரித்ததும் படத்தின் நீள அகலம் பாதியாகும். 12 பிக்சல் தட்டு 6 பிக்சலாகிவிடும். அதை மறந்து பழைய அளவில் வட்டம் போடுவது பலர் செய்யும் பிழை. பிரித்த படத்தில் அளவு வட்டத்தின் ஆரம் 6, வானப் பின்னணிக்கான வளையம் 10 முதல் 18 வரை என்று தொடங்குங்கள்.

வி 711 டௌரிக்கு 6 வில்விநாடி தள்ளி, சுமார் 3 பொலிவெண் மங்கிய துணை ஒன்று உண்டு. நம் வட்டத்துக்குள் அது எப்போதும் விழும். விழட்டும். ஒவ்வொரு இரவும் முழுதாக உள்ளே இருந்தால் அது ஒரு மாறாத கூடுதல் மட்டுமே. வட்டத்தின் அளவை இரவுக்கு இரவு மாற்றினால்தான் வம்பு.

இனி ஒப்பீடு. 10 டௌரியின் பொலிவெண் 4.28 என்று கொள்வோம். அதன் ஒளி எண்ணிக்கை 8,12,000, நம் விண்மீனுடையது 2,13,000 என்றால் விகிதம் 0.2623. அதன் மடக்கையை (10 அடிமான லாக்) மைனஸ் 2.5 ஆல் பெருக்கினால் 1.45. கூட்டினால் 5.73. அவ்வளவுதான் கணக்கு. மெல்லிய மேகம் இரண்டையும் சமமாக மறைப்பதால் விகிதம் தப்பிக்கிறது. தனி விண்மீனின் எண்ணிக்கையை நேராக நம்பினால் நகர வானத்தில் ஒன்றும் தேறாது.

மூன்றாவதாக, மாறாத இன்னொரு விண்மீனைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், அதாவது ஏ.ஏ.வி.எஸ்.ஓ., தன் வரைபடங்களில் இவற்றைக் குறித்துத் தருகிறது. ஓர் இரவில் சரிபார்ப்பு விண்மீன் தன் வழக்கமான மதிப்பிலிருந்து 0.015 க்கு மேல் விலகினால் அந்த இரவையே தூக்கிப் போடுங்கள். மனம் வராது, குறிப்பாக வாரக்கணக்கில் மழைக்குப் பின் கிடைத்த ஒரே இரவு என்றால். இருந்தாலும் போடுங்கள்.

நம் விண்மீன் ஆரஞ்சு, 10 டௌரி மஞ்சள். கேமராவின் பச்சை வி வடிகட்டி அல்லாததால் இந்த நிற வேறுபாடு சில நூறில் ஒரு பங்கு பொலிவெண் நிலையான பிழையைத் தரும். ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல. மற்றவர் தரவோடு சேர்க்க நினைத்தால் நிறத் திருத்தம் செய்தாக வேண்டும்.

படி 4: நாளும் கட்டமும்

நேரத்தை ஜூலியன் நாளில், அதாவது வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறையில் எழுதுங்கள். மலேசிய நேரம் இரவு 8 மணிக்குத்தான் ஜூலியன் நாள் மாறுகிறது. ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கும். 2026 ஜனவரி 1 இரவு 8 மணி என்பது 2461042.0. ஜனவரி 19 இரவு 11 மணி 2461060.125. முதலாவதைத் தொடக்கமாக வைத்தால் இடைவெளி 18.125 நாள். சுற்றுக்காலமான 2.83774 ஆல் வகுக்க 6.387. முழு எண்ணை விட்டுவிட்டால் கட்டம், அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு கடந்திருக்கிறது என்பது, 0.387. எல்லா இரவுகளையும் இப்படிக் கட்டமாக்கி, கிடை அச்சில் கட்டமும் செங்குத்தில் பொலிவெண்ணும் இட்டால் அலை தெரியவரும். பொலிவெண் குறைந்தால் ஒளி கூடுகிறது என்பதால் செங்குத்து அச்சைத் தலைகீழாக இடவேண்டும்.

எத்தனை இரவு வேண்டும்? ஒரு நாளில் கட்டம் 0.352 நகர்கிறது. மூன்று நாளில் 1.057, அதாவது தொடங்கிய இடத்துக்கே ஏறத்தாழத் திரும்பி வந்துவிடுகிறோம். முதல் வாரம் முழுக்க மூன்று கொத்துகளாகவே புள்ளிகள் விழும். இடைவெளிகள் நிரம்ப 18 நாள் ஆகும். எல்.கியூ. ஹைட்ரே இன்னும் பிடிவாதம். 8 இரவில் ஏறத்தாழச் சரியாக 5 சுற்று முடிவதால், தினமும் ஒரே மணிக்கு எடுத்தால் எட்டே இடங்களில்தான் புள்ளி கிடைக்கும். அதற்கு இரவுக்கு இரண்டு முறை, மூன்று நாலு மணி இடைவெளி விட்டு எடுங்கள்.

காலம் தெரியாத விண்மீனானால் வி-ஸ்டார் மென்பொருளால் தேடலாம். அப்போது இரண்டு போலிகள் வரும். நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பதால் வருவது ஒன்று: 1.60 நாள் காலம் 2.67 நாள் போலவும் தோன்றும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளிக் கூட்டங்கள் இருக்கும்போது வருவது மற்றொன்று: உண்மையில் பாதிக் காலம் கிடைத்துவிடும். முதலாவது, வெவ்வேறு மணிகளில் எடுத்த தரவால் உடையும். இரண்டாவது அடுத்த பருவத்தில்தான் தெளியும். கோலாலம்பூரும் பினாங்கும் ஒரே தீர்க்கரேகைப் பக்கம் என்பதால் இருவர் சேர்ந்தாலும் முதல் போலி போகாது. மேகத்திலிருந்து மட்டும் தப்பிக்கலாம்.

படி 5: அலையிலிருந்து புள்ளிக்கு

இங்கேதான் ஆசை அறிவை முந்தும். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். விண்மீன் 4,800 கெல்வின், புள்ளி 3,700 கெல்வின், முகத்தில் 20 சதவீதத்தை மூடியிருக்கிறது. பச்சை ஒளியில் அந்தப் புள்ளி, சுற்றியுள்ள பரப்பின் ஐந்தில் ஒரு பங்கு ஒளியையே தரும். எனவே 16 சதவீத ஒளி குறைந்து, விண்மீன் 0.19 பொலிவெண் மங்கும். நீலத்தில் இதே புள்ளி 0.21 மங்கலைத் தரும். அண்மை அகச்சிவப்பில் 0.16 தான்.

இப்போது ஒளியே வராத முழுக் கறுப்புப் புள்ளி 16 சதவீதத்தை மூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சையில் அதே 0.19. பச்சையை மட்டும் அளந்தவரால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரித்துக் காட்டுவது நிறம். முழுக் கறுப்பில் நீலமும் அகச்சிவப்பும் ஒன்றுபோல் 0.19 மங்கும். ஆக, வெப்பநிலையைப் பற்றிப் பேச ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் வேண்டும். டிஎஸ்எல்ஆரில் நீலமும் பச்சையும் ஒரே படத்தில் கிடைக்கின்றன, ஆனால் வேறுபாடு 0.02 தான். ஓர் இரவின் உண்மையான பிழை 0.01 என்னும்போது, பத்து இருபது இரவுகள் சேர்ந்தால்தான் அது தலைகாட்டும். அகச்சிவப்பு வடிகட்டியோடு கறுப்பு வெள்ளைக் கேமரா இருப்பவருக்கு இது எளிது.

அலையின் வடிவமும் பேசும். மேலே சமதளமாக நின்று கீழே ஒரு பள்ளம் விழுந்தால், புள்ளி சிறிது நேரம் முழுவதும் மறைகிறது. இடைவிடாமல் மென்மையாக ஏறி இறங்கினால், ஏதோ ஒரு பகுதி எப்போதும் நம் கண்ணில் இருக்கிறது, பெரும்பாலும் துருவத்தை ஒட்டி. வி 711 டௌரி நமக்குச் சாய்ந்தே நிற்பதால் அதன் துருவப் புள்ளி மறைவதே இல்லை. அது அலையை உண்டாக்காமல் மொத்த ஒளியையும் தாழ்த்தி வைக்கிறது. எனவே நாம் கண்ட மிகப் பிரகாசமான அளவைப் புள்ளியே இல்லாத விண்மீன் என்று கொள்வது தவறு. அலை தருவது ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே.

புள்ளி எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று துல்லியமாகப் படம் வரையும் மென்பொருள்கள் கிடைக்கும். ஒளி அளவு ஒன்றை மட்டும் கொடுத்தால் அவை தரும் அழகான கோளம் பல சாத்தியங்களில் ஒன்றுதான். நிறமாலைக் கோடுகளின் நெளிவைப் பார்த்து வரைபடமாக்கும் முறையை 1983 இல் வோக்டும் பென்ராடும் இதே விண்மீனில் காட்டினார்கள். அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவை. எண்ணோடு நின்றுகொள்வது நல்லது.

சூரியனோடு ஒப்பிடும்போது ஒரு வேடிக்கை. புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் சூரியன் 0.1 சதவீதம் அதிகமாகவே ஒளிர்கிறது, புள்ளிகளைச் சூழ்ந்த பிரகாசத் திட்டுகள் ஈடுகட்டி மிஞ்சுவதால். நம் விண்மீன்களில் புள்ளிகள் வென்றுவிடுகின்றன.

படி 6: அனுப்புவதும் காத்திருப்பதும்

நிறத் திருத்தம் செய்யாத பச்சை அளவை ஏ.ஏ.வி.எஸ்.ஓ. தளத்தில் டி.ஜி. என்ற குறியோடு பதிய வேண்டும், வி என்று அல்ல. ஒப்பீட்டு விண்மீன், சரிபார்ப்பு விண்மீன், பிழை மதிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். திடீரென்று சில மணி நேரம் ஒளி கூடி, குறிப்பாக நீலத்தில் அதிகமாகக் கூடி, பிறகு அடங்கினால் அது தீப்பிழம்பு, அதாவது விண்மீனின் காந்த வெடிப்பு. அழித்துவிடாமல் குறிப்போடு அனுப்புங்கள். அந்த ஓர் இரவு மட்டும் விடியும்வரை எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

மே மாதம் வி 711 டௌரி சூரியனுக்குப் பின்னால் போய்விடும். கேமராவையும் லென்ஸையும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் உலர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை ஏறும். ஜூலைக் கடைசியில் விடியலில் விண்மீன் திரும்பி வரும்போது பழைய தொடக்க நாளையும் 2.83774 ஐயும் மாற்றாமல் தொடருங்கள். பள்ளம் வேறு கட்டத்துக்கு நகர்ந்திருக்கும், ஆழமும் மாறியிருக்கும். இரண்டு பருவங்களையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் அலை அழிந்து வெறும் மேகமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள்.